நோயாளியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, தப்பு என் மேலா டாக்டர்?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 36. ஜி.என்.எம். என்கிற நர்ஸிங் டிப்ளமோ முடித்தவர், இரண்டு பிள்ளைகள். எண்பது படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் நான்கு வருடமாக ஐசியூவில் வேலை பார்க்கிறார். நைட் ஷிஃப்டில் ஆறு படுக்கைக்கு இரண்டு நர்ஸ், ஒரு ஆயாம்மா. அந்த ஆயாம்மாவும் பாதி நேரம் லேபுக்கும் பார்மசிக்கும் ஓடிக்கொண்டிருப்பார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நள்ளிரவில், பக்கவாதத்தோடு சேர்ந்திருந்த 90 கிலோ எடையுள்ள நோயாளி படுக்கையில் சரிந்து சரிந்து கால் ஃபுட்போர்டில் இடிக்கிற அளவுக்குக் கீழே வந்துவிட்டார். இவரும் ட்ரெய்னியாக வந்திருந்த பெண்ணும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, அக்குளில் கை கொடுத்து மேலே இழுத்திருக்கிறார்கள். பாதியில் இவர் இடுப்பில் ஏதோ பிடித்தது. நோயாளியை விட முடியாது, அப்படியே இழுத்து முடித்தார். காலையில் செருப்பு போடக் குனிய முடியவில்லை. அன்றிலிருந்து வலி இடது பிட்டத்தில் ஆரம்பித்துக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது, பெருவிரல் அவ்வப்போது மரத்துப்போகிறது. வெளியே எலும்பு டாக்டரிடம் காட்டி எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கீழ்முதுகில் எல்4–எல்5 எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட். மெடிக்கல் ஷாப்பில் ஒரு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு, அதே ஐசியூவுக்கு அதே டியூட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

மருத்துவமனையில் யாருக்கும் எழுத்தில் தெரிவிக்கவில்லை. இன்சார்ஜ் சிஸ்டரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு, "தூக்கத் தெரியாம தூக்கியிருப்ப, காலேஜ்ல பாடி மெக்கானிக்ஸ் படிக்கலையா" என்று பதில் வந்திருக்கிறது. வீட்டில் வேலையை விட்டுவிடு என்கிறார்கள். சம்பளம் 18,500, பிள்ளைகளின் ஃபீஸ் அதில்தான் போகிறது. "ஆபரேஷன் ஆகிவிடுமா? நான் தூக்கிய முறைதான் தப்பா? சரியாகத் தூக்கக் கற்றுக்கொண்டால் இனிமேல் வராதா? பெல்ட்டை எவ்வளவு நேரம் கட்டலாம்? மருத்துவமனையிடம் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?" என்பவை அவர் கேள்விகள்.

சிஸ்டர், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் இல்லை. தப்பு என் மேல்தானோ என்று நீங்கள் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் உறுத்தியது. அதனால் மற்றதை எல்லாம் சொல்வதற்கு முன்னால் இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். 90 கிலோ ஆளை இரண்டு பெண்கள் கையால் இழுத்து மேலே ஏற்றுவதற்குச் சரியான முறை என்று ஒன்று கிடையாது. எப்படி நின்றாலும், முட்டியை எப்படி மடக்கினாலும், அது இடுப்பு தாங்குகிற வேலை இல்லை.

ஆனாலும் முதலில் உங்கள் காலைப் பார்ப்போம், அதுதான் அவசரம்.

ஆபரேஷன் பயம்

டிஸ்க் பிதுக்கம் என்று ரிப்போர்ட்டில் படித்ததும் முதுகெலும்பே போய்விட்டது போல நினைக்கிறோம். வலியே இல்லாத ஆட்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் ஒரு பெரிய அலசல் வந்தது. அதன்படி 30 வயதுக்காரர்களில் 40 சதவீதம் பேருக்கும், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருக்கிறது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. அதனால் படத்தில் தெரிவதை மட்டும் வைத்து யாருக்கும் கத்தி வைப்பதில்லை. வலி இறங்குகிற பாதை, மரத்துப்போகிற இடம், காலில் இருக்கிற பலம், இவை படத்தோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. உங்களுக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. பெருவிரல் மரப்பது அந்த இடத்து நரம்பு அழுந்துவதைத்தான் காட்டுகிறது. ஆனால் இந்த மாதிரிக் கால்வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே தணிந்துவிடும். நீங்கள் இப்போது மூன்றாவது வாரத்தில் இருக்கிறீர்கள்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். குதிகாலில் மட்டும் நின்று பத்தடி நடங்கள், பிறகு நுனிக்காலில் பத்தடி. அப்புறம் உட்கார்ந்து இரண்டு பெருவிரலையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாராவது விரலால் அழுத்திப் பார்க்கட்டும். இடது பக்கம் தெளிவாகத் தொய்ந்தால், அல்லது நடக்கும்போது பாதம் தரையில் இழுபட்டால், தாமதிக்காமல் நரம்பு அல்லது முதுகெலும்பு சர்ஜனைப் பாருங்கள். சிறுநீர் வருவது நின்றாலோ, வருவதே தெரியாமல் போனாலோ, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்தாலோ, இரண்டு காலிலும் வலி இறங்கினாலோ, அன்றே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். நீங்கள் நர்ஸ், இந்த அறிகுறிகளை நோயாளியிடம் கேட்கிறவர்தான். ஆனால் தனக்கு வரும்போது நம் ஆட்கள் டியூட்டி முடியட்டும் என்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இவை எதுவும் இல்லை என்றால் படுத்தே கிடக்காதீர்கள். நாள் முழுக்கப் படுக்கை ஓய்வு என்பது பழைய வைத்தியம், அது குணமாவதைத் தள்ளித்தான் போடும். வலி அனுமதிக்கிற அளவு நடங்கள், அரைமணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காராதீர்கள், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் உங்களுக்கான பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டியது பாரம் தூக்குவதை மட்டும்தான். அதில் வீட்டுப் பாரமும் சேர்த்தி. தண்ணீர் கேனை நீங்கள்தான் டிஸ்பென்சர் மேல் கவிழ்க்கிறீர்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது 20 கிலோ, அதுவும் இடுப்பைத் திருப்பிக்கொண்டு கவிழ்க்கிற 20 கிலோ. அதை இனி வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

பெல்ட் கேட்டிருந்தீர்கள். வலி கடுமையாக இருக்கிற முதல் சில நாள் கொஞ்சம் தெம்பாக இருந்தால் கட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் பெல்ட் கட்டினால் டிஸ்க்குக்குப் பாதுகாப்பு, அதனால் தூக்கலாம் என்று நினைப்பது ஆபத்து. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 1994இலேயே பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. கடைகளில் சரக்கு தூக்குகிற ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வைத்து அவர்கள் நடத்திய ஆய்வு 2000இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. பெல்ட் கட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறீர்கள் என்பதே உங்களை இன்னொரு தடவை தூக்க வைக்கிறது, அதுதான் என் கவலை.

முட்டியை மடக்கினால் போதுமா?

காலேஜில் பாடி மெக்கானிக்ஸ் என்று படித்த பாடம் நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. முதுகை நேராக வை, முட்டியை மடக்கு, பொருளை உடம்போடு ஒட்டிப் பிடி, தூக்கு. தரையில் இருக்கிற பெட்டிக்கு இது சரியான பாடம்தான். நோயாளி பெட்டி இல்லை. பிடிக்கக் கைப்பிடி இல்லை, பாரம் ஒரு பக்கமாக இருக்காது, பாதியில் பயந்து உங்கள் கழுத்தைப் பிடித்து இழுப்பார். எல்லாவற்றுக்கும் மேல், நீங்கள் படுக்கைக்கு வெளியே நிற்கிறீர்கள், அவர் மெத்தையின் நடுவில் கிடக்கிறார். பெட் ரெயிலும் மெத்தை விளிம்பும் உங்கள் தொடையில் இடிக்கிறது, முட்டியை மடக்க இடமே கிடையாது. நீங்கள் இடுப்பில் வளைந்து கையை நீட்டித்தான் ஆக வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடக்கலாம், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து நொடி நிற்க முடியாது. பாரம் அதேதான், உடம்பிலிருந்து இருக்கிற தூரம்தான் இடுப்பைக் கொல்கிறது.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எல்லாமே சாதகமாக இருக்கும்போது, கைப்பிடியுள்ள பெட்டியை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கே நியோஷ் வைத்திருக்கிற உச்ச அளவு 23 கிலோ. நோயாளியைக் கையாளுவதற்கு அதையே கணக்குப் போட்டு, அந்த நிறுவனத்தின் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் சொன்ன அளவு 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ. அதுவும் நோயாளி ஒத்துழைத்து, நாம் கையை அதிகம் நீட்டாமல் இருந்தால். இப்போது உங்கள் நோயாளியை எடுங்கள். ஒரு மனிதரின் ஒரு கால் அவர் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 90 கிலோ ஆளுக்கு ஒரு கால் மட்டுமே 14, 15 கிலோ வரும். கதீட்டர் போடும்போதோ டிரஸ்ஸிங் செய்யும்போதோ நீங்கள் ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, அந்தக் கால் ஒன்றே எல்லையைத் தொட்டுவிடுகிறது. முழு ஆளை இரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 45 கிலோ.

இரண்டு பேர் சேர்ந்தால் பரவாயில்லை என்பதும் நாம் நம்புகிற ஒன்று. ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மாராஸ் குழுவினர் முதுகெலும்பில் விழுகிற அழுத்தத்தை அளந்து 1999இல் வெளியிட்டார்கள். ஒருவர் தூக்கினால் மிக மோசம், இரண்டு பேர் தூக்கினாலும் ஆபத்தான அளவுதான் என்று வந்தது. தூக்கும் முறையைப் பயிற்சி கொடுத்தே முதுகுவலியைத் தடுத்துவிடலாமா என்று பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் குழு பார்த்தது, வெறும் பயிற்சியால் தடுக்க முடிந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எனவே உங்கள் இன்சார்ஜ் சொன்னது அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதுதான், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அது சரியில்லை.

பிரிட்டனில் 1992இல் வந்த கையாளுதல் விதிகள் வேறு வரிசையில் போகின்றன. ஆபத்தான தூக்கலை முடிந்தவரை தவிர், தவிர்க்க முடியாவிட்டால் என்ன ஆபத்து என்று முன்கூட்டியே மதிப்பிடு, பிறகு அதைக் குறை. அங்குள்ள ராயல் காலேஜ் ஆஃப் நர்ஸிங் 1996இலேயே, உயிர் போகிற மாதிரி அவசரம் தவிர மற்ற நேரங்களில் நோயாளியை முழுதாகக் கையால் தூக்குவதை ஒழிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நீங்கள் செய்த அக்குள் பிடி அங்கே வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பிடி. நமக்கு இடுப்பு போவது மட்டும் இல்லை, பக்கவாதம் வந்த ஆளின் தோள்மூட்டு ஏற்கனவே தளர்ந்திருக்கும், அக்குளில் பிடித்து இழுத்தால் அது விலகிப்போகலாம். அன்றைக்குச் செய்ததற்காகச் சொல்லவில்லை. நோயாளிக்கும் அது நல்லதில்லை என்பது, நாளைக்கு நீங்கள் நிர்வாகத்திடம் பேசும்போது கையில் இருக்க வேண்டிய வாதம்.

அப்படியானால் எப்படி மேலே ஏற்றுவது?

முதல் கேள்வி, அவர் ஏன் கீழே சரிந்தார் என்பது. வெண்டிலேட்டரில் இருப்பவருக்கும் டியூப் ஃபீட் போகிறவருக்கும் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைக்கிறோம், ஃபீடும் எச்சிலும் நுரையீரலுக்குள் போகாமல் இருக்க அது அவசியம். அவசரத்தில் தலைப்பக்கத்து ஹேண்டிலை மட்டும் சுற்றிவிட்டுப் போய்விடுகிறோம். ஆள் சறுக்கு மரத்தில் வைத்த மாதிரி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பார், நாமும் ஷிஃப்டுக்கு நாலு தடவை இழுத்துக்கொண்டே இருப்போம். தலைப்பக்கத்தையும் முட்டிப் பகுதியையும் தனித்தனியாக உயர்த்தக்கூடிய ஃபௌலர் கட்டிலில் இரண்டாவது ஹேண்டில் எதற்கு இருக்கிறது? முதலில் நோயாளியின் இடுப்பு கட்டில் மடிகிற இடத்துக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முட்டிப் பகுதியை முதலில் கொஞ்சம் உயர்த்துங்கள், அதற்குப் பிறகு தலைப்பக்கம். இந்த ஒரு வரிசையை மாற்றினாலே இழுக்க வேண்டிய தடவை நன்றாகக் குறையும். காசு செலவு கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.

அப்புறமும் ஏற்ற வேண்டி வந்தால், தூக்காமல் வழுக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்லைட் ஷீட். வழுவழுப்பான நைலான் துணி, இரண்டு மடிப்பு ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். ஒரு தடவை செய்துகாட்டினால் யாரும் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் சின்னச் சின்ன விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கட்டில் பிரேக்கைப் போடுங்கள். ஃபீட் போய்க்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். கட்டிலைச் சமமாக்க வேண்டும், ஆனால் தலைக்குள் அழுத்தம் இருக்கிற நோயாளி என்றால் டியூட்டி டாக்டரிடம் கேட்டுவிட்டு, தேவையான நேரத்துக்கு மட்டும். சிறுநீர் சேருகிற யூரோபேகைக் கட்டிலிலிருந்து கழற்றிவிடுங்கள், அது கொக்கியில் மாட்டியபடியே இருந்து ஆள் மட்டும் மேலே போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெண்டிலேட்டர் டியூப், சென்ட்ரல் லைன், எல்லாம் தளர்வாக இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டில் உயரத்தை உங்கள் இருவரில் குள்ளமானவரின் இடுப்பு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நோயாளியை ஒரு பக்கம் உருட்டி, பாதி மடித்த ஷீட்டை முதுகோடு ஒட்டி வைத்து, மறுபக்கம் உருட்டி விரித்துவிடுங்கள், தோளிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை வர வேண்டும். பிறகு இருவரும் மெத்தை மட்டத்திலேயே ஷீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தலைப்பக்கம் பார்த்து முன்னால் வைத்து நில்லுங்கள். எண்ணுவது ஒருவர் மட்டும், தலையையும் டியூபையும் பார்த்துக்கொள்கிறவர். மூன்று என்றதும் கையால் இழுக்காமல், பின்காலில் இருக்கிற உடம்பு எடையை முன்காலுக்கு மாற்றுங்கள், ஷீட் தானாகப் போகும். வெடுக்கென்று ஒரே இழுப்பு வேண்டாம், இரண்டு மூன்று நகர்த்தலாகப் போகட்டும். முடிந்ததும் ஷீட்டை உருவி எடுத்துவிட வேண்டும், அடியிலேயே விட்டால் மறுபடி சறுக்கி இறங்குவார். ஒரு நோயாளிக்கு ஒன்று, துவைக்காமல் அடுத்தவருக்குப் போடக் கூடாது.

ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போதும் இதே கதைதான். இடையில் பாலம் மாதிரி வைக்கிற வழவழப்பான ட்ரான்ஸ்ஃபர் போர்டு, இரண்டின் உயரமும் ஏறக்குறைய சமம், போய்ச் சேருகிற பக்கம் ஒரு விரல் அளவு தாழ்வு. நான்கு பேர் பெட்ஷீட்டின் நான்கு மூலையைப் பிடித்து அந்தரத்தில் தூக்குவதை விட்டுவிடலாம். உதவிக்கு வேறு ஆள் இல்லாமல் நோயாளியின் மகனையோ தம்பியையோ கூப்பிடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கும் இடுப்பு இருக்கிறது. தவிர்க்கவே முடியவில்லை என்றால் ஷீட்டைப் பிடிக்கிற வேலையை மட்டும் கொடுங்கள், டியூபைத் தொட விடாதீர்கள், என்ன செய்யப்போகிறோம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். நடக்கும்போது ஒரு நோயாளி சரிந்து விழுந்தால், பாய்ந்து தாங்கிப் பிடிக்காதீர்கள். அவரோடு ஒட்டி நின்று, தலை அடிபடாமல் உங்கள் உடம்பில் சாய்த்துத் தரைக்கு வழிநடத்துங்கள், தரையிலிருந்து எழுப்புவதற்கு ஆள் சேர்த்துக்கொள்ளலாம், அவசரம் இல்லை. இரண்டாவது, பெரிய ஆக்ஸிஜன் சிலிண்டரை நீங்களே சாய்த்து உருட்டிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறீர்கள். டி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 60 கிலோ. சங்கிலி போட்ட சிலிண்டர் ட்ராலியில் வைத்துத் தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. சாய்ந்து விழ ஆரம்பித்தால் பிடிக்கப் போகாமல் விலகிவிடுங்கள். வால்வு உடைந்தால் அது உருண்டு போகாது, பாயும். இப்போது இருக்கிற இடுப்போடு அந்த வேலையை நீங்கள் செய்யவே வேண்டாம்.

மருத்துவமனையிடம் என்ன கேட்கலாம்?

நீங்கள் செய்யாமல் விட்ட முக்கியமான வேலை இதுதான், இன்னும் காலம் தாழ்ந்துவிடவில்லை. சம்பவத்தை எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், எந்தப் படுக்கை, நோயாளியின் எடை, டியூட்டியில் எத்தனை பேர், என்ன செய்துகொண்டிருந்தபோது பிடித்தது, யார் கூட இருந்தார். அரைப் பக்கம் போதும். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். நர்ஸிங் சூப்பரிண்டெண்டெண்டிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். எலும்பு டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது, வேலையில் நோயாளியை ஏற்றும்போது வலி ஆரம்பித்தது என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறதா பாருங்கள், இல்லை என்றால் எழுதச் சொல்லுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2017இலிருந்து மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருகிறார்கள். பலரும் இ.எஸ்.ஐ. என்றால் மருந்து வாங்குகிற இடம் என்றுதான் நினைக்கிறோம். உடம்பு முடியாமல் டாக்டர் சான்றிதழோடு விடுப்பில் இருந்தால், சந்தா நிபந்தனை சரியாக இருக்கும் பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையில் ஏற்பட்ட விபத்துக் காயம் என்று ஏற்கப்பட்டால், தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு 90 சதவீதம். வருடக்கணக்கில் தூக்கித் தூக்கி மெதுவாக வந்த முதுகுவலியைத் தொழில்நோய் என்று நிரூபிப்பது கஷ்டம், அது சட்டத்தின் பட்டியலில் இல்லை. ஆனால் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட வேலையில் பிடித்தது என்பது விபத்து. வேலை நேரத்தில் வேலையின் போக்கில் நடந்த விபத்து, எதிராக ஆதாரம் இல்லாத வரை வேலையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பது இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கிற விதி. பதிவு இல்லை என்றால் இந்த விதி உங்களுக்கு உதவாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் வேலைக் காயத்துக்கான உதவி தொடர்கிறது, ஆபத்தில்லாத வேலையிடம் தருவது நிறுவனத்தின் கடமை என்றும் இருக்கிறது. கோரிக்கை தட்டிக்கழிக்கப்பட்டால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள், தேவைப்பட்டால் தொழிலாளர் வழக்கு பார்க்கிற வக்கீல் ஒருவரிடம் உங்கள் தாள்களைக் காட்டுங்கள். அந்தப் பகுதியில் அவர் சொல்வதுதான் என் சொல்லை விட நம்பத் தகுந்தது.

அதனால் இப்போது ராஜினாமா வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் சொல்வது அக்கறையில்தான், புரிகிறது. ஆனால் பதிவு செய்யாமல், விடுப்பு எடுக்காமல், வலியோடு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தால் இந்த உரிமைகளை நிலைநாட்டுவது ரொம்பச் சிரமமாகிவிடும். முதலில் டாக்டர் சான்றிதழோடு விடுப்பு. திரும்பும்போது ஆறு முதல் எட்டு வாரத்துக்கு நோயாளியைத் தூக்குதல், நகர்த்துதல் இல்லாத வேலை வேண்டும் என்று சான்றிதழிலேயே எழுதி வாங்குங்கள். ஓ.பி., தடுப்பூசி, தொற்றுக் கட்டுப்பாடு, தரப் பிரிவு என்று உங்கள் ஐசியூ அனுபவம் வீணாகாத இடங்கள் இருக்கின்றன. அதை நிரந்தரமாகக் கேட்க வேண்டியதில்லை, பிறகு முடிவு செய்யலாம். அதைக்கூடத் தர மறுத்து, திரும்பவும் அதே ஆறு படுக்கைக்கு உங்களையும் ஒரு ட்ரெய்னியையும் மட்டும் நிறுத்தினால், அப்போது வேறு இடம் பார்ப்பது சரியான முடிவு, அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நிர்வாகத்திடம் உபகரணம் கேட்கும்போது ஒரு விஷயம். எடுத்ததுமே நோயாளியைத் தூக்கும் ஹாய்ஸ்ட் வேண்டும் என்று கேட்டால் விலையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். சின்னதிலிருந்து ஆரம்பியுங்கள். ஐசியூவுக்கு ஸ்லைட் ஷீட் சில, ஒரு ட்ரான்ஸ்ஃபர் போர்டு, ஒரு சிலிண்டர் ட்ராலி. இவற்றுக்கும் முன்னால், இருக்கிற ஸ்ட்ரெச்சர், கட்டில்களின் சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் குனிந்து பார்க்க முடிகிற யாரையாவது அந்தச் சக்கரத்தின் அச்சைப் பார்க்கச் சொல்லுங்கள், தலைமுடியும் காஸ் நூலும் பிளாஸ்டர் துண்டும் சுற்றி இறுகி, நான்கில் ஒரு சக்கரம் சுழலவே சுழலாது. அந்த ஸ்ட்ரெச்சரைத்தான் எல்லோரும் கோணலாக இடுப்பால் தள்ளிக்கொண்டு ஸ்கேனுக்குப் போகிறோம். பராமரிப்புப் பிரிவு மாதம் ஒரு முறை அதைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் பெரிய மாற்றம் தெரியும். உங்கள் மருத்துவமனை என்.ஏ.பி.எச். என்கிற மருத்துவமனைத் தர அங்கீகாரம் வைத்திருந்தாலோ, அதற்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ, ஊழியர்களின் தொழில்சார் உடல்நலத்தை அந்தத் தரநிலைகள் கேட்கின்றன என்பதை நினைவுபடுத்துங்கள், அந்தச் சொல்லுக்கு நிர்வாகத்தில் மதிப்பு உண்டு. ஹாய்ஸ்ட்டையும் கேட்கத்தான் வேண்டும், முழுக்கப் படுக்கையில் இருக்கிற கனமான நோயாளியை நாற்காலிக்கு மாற்ற வேறு பாதுகாப்பான வழி இல்லை. ஆனால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் வார்டில் இடுப்புவலியோடு வேலை பார்க்கிற சிஸ்டர் நீங்கள் ஒருவர் மட்டும்தானா? நிச்சயம் இருக்காது. மூன்று நான்கு பேர் கையெழுத்தோடு போனால் அது ஒருவரின் உடல்வாகுப் பிரச்சினையாகத் தள்ளப்படாது.

அன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்ற ட்ரெய்னிப் பெண்ணிடமும் விசாரியுங்கள். அவளும் அதே 45 கிலோவைத்தான் இழுத்தாள். வலி இருந்தால் அவள் பெயரிலும் ஒரு பதிவு போக வேண்டும்.

இந்த வாரம் மூன்று வேலை: குதிகால் நடை சோதனை, சம்பவக் கடிதம், விடுப்புச் சான்றிதழ். இன்னும் மூன்று நான்கு வாரத்தில் கால்வலி பாதியாவது குறைய வேண்டும். குறையவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு படத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு முதுகெலும்பு சர்ஜனைப் பாருங்கள், அப்போது ஊசியா, ஆபரேஷனா, இன்னும் காத்திருப்பதா என்று அவர் உங்கள் காலைச் சோதித்துவிட்டுச் சொல்வார்.